முழங்கால் உயரச் சுவர்

அந்தச் சுவர் என் முழங்கால் உயரம் வரைதான் எழும்பியது. இன்னும் நான்கு முழம் எழும்பியிருந்தால், என் அப்பச்சி கட்டிய வீட்டில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு வந்திருக்கும். எழும்பவில்லை. வரவில்லை.

ஊரில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார்கள். போன மாதம் ஒக்கூரில் ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவப் போனேன். தூணில் சாய்ந்திருந்த ஒரு பெரியவர் இரண்டு இளவட்டங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கூடப் பொறந்தவுகன்னா அவுக மாதிரி இருக்கணும்ப்பா. பாதி எழும்புன சுவரை இடிச்சுப் போட்டுட்டு ஒண்ணாயிட்டாக. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

அவர் சொன்னது என் அண்ணனையும் தம்பியையும். அவர்களோடு கூடப் பிறந்தவள் பக்கத்திலேயே நின்று கை கழுவுகிறாள் என்று அவருக்குத் தெரியாது. ஈரக் கையோடு நின்று முழுவதும் கேட்டேன். அந்தக் கதையில் அண்ணன் இருந்தார், தம்பி இருந்தான், கொத்தனார்கூட இருந்தார். சுவர் எதற்காக இடிக்கப்பட்டது என்பது மட்டும் இல்லை. அதாவது, நான் இல்லை.

அன்று வீடு திரும்பியதும் இதை எழுதத் தொடங்கினேன். பல வருஷமாக நாள்குறிப்பு எழுதுகிறவள் நான். கண்ணால் கண்டதை நேராகவும், பிறர் சொன்னதைக் கேட்டது என்றும் எழுதுவது என் பழக்கம். இதிலும் அப்படியே செய்கிறேன்.

வீட்டை முதலில் சொல்ல வேண்டும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் பஸ் எங்கள் ஊரில் நிற்கும். வீடு அப்பச்சி, அதாவது என் தகப்பனார், பர்மாவில் சம்பாதித்துத் தானே கட்டியது. பாட்டன் வைத்துவிட்டுப் போனது அல்ல. இதை வாசிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், வக்கீல் வரும்போது தேவைப்படும். முன்னால் முகப்பு, அது ஆண்கள் உட்காரும் இடம். அடுத்து வளவு, நடுவில் வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் அறைகளும். அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அங்கேதான் பெண்களின் சமையல்.

எங்கள் பக்கத்தில் மகனுக்குக் கல்யாணமானால் அவனுக்கு வளவில் ஓர் அறையும் இரண்டாங்கட்டில் ஓர் அடுப்பும் கொடுப்பார்கள். வேறு வைப்பது என்று அதற்குப் பெயர். சண்டை எதுவும் வேண்டியதில்லை. ஒரே கூரையின் கீழ் ஆத்தாவுக்கு ஓர் அடுப்பு, மூத்தவனுக்கு ஓர் அடுப்பு, இளையவனுக்கு ஓர் அடுப்பு. மகளுக்குக் கல்யாணமானால் வண்டி நிறையப் பாத்திரம் கொடுப்பார்கள். அந்தப் பாத்திரத்தை ஏற்ற அடுப்பு மட்டும் அந்த வீட்டில் கிடையாது. அது அவள் போகிற இடத்தில் இருக்கும் என்பது ஏற்பாடு.

நான் போன இடம் தேவகோட்டை. என் வீட்டுக்காரர் பினாங்கில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வருவார், பிறகு மூன்று வருஷம், பிறகு வரவில்லை. அங்கே ஒரு குடும்பம் ஆகிவிட்டது என்று முதலில் கேட்டேன், பிறகு அவரே எழுதினார். "ஆம்பளை நாலும் செய்வான், நீ ஒன் பாட்டுக்கு இரு" என்றார்கள் புகுந்த வீட்டில். இருக்கவில்லை. எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு அறுபதுகளின் நடுவில் அப்பச்சி வீட்டுக்குத் திரும்பினேன். அப்போது அப்பச்சி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. உயில் எதுவும் எழுதவில்லை.

ஆத்தா இருந்தவரை எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர் அடுப்பில் சமைத்தேன், அவர் அறையில் படுத்தேன். காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை கிடைத்தது. காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவேன். எங்கள் குடும்பத்தில் சம்பளத்துக்குப் போன முதல் பெண் நான்தான். அண்ணன் அதை ஒரு நோயைச் சொல்வதுபோலப் பிறரிடம் சொல்வார்.

ஆத்தா இறந்தார். கருமாதி முடிந்த மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது, அண்ணன் மனைவி ஆத்தாவின் அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் மனைவியை நாங்கள் அண்ணமிண்டி என்போம்.

"இதுல இனி யாரு சமைக்கப் போறா?" என்றார் அண்ணமிண்டி.

"நான் சமைப்பேன்" என்றேன்.

அவர் அடுப்புக் கல்லைப் பெயர்த்தார். மாலையில் முகப்பில் ஆண்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. பிறகு அண்ணன் வளவுக்கு வந்து சொன்னார்.

"ஒரு மாசம் எங்க அடுப்புல சாப்பிடு, ஒரு மாசம் தம்பி அடுப்புல சாப்பிடு. ஒனக்கும் பிள்ளைக்கும் என்ன கொறை வந்துறப்போகுது?"

"அரிசி நான் வாங்கிக்கிறேன், வெறகு நான் வாங்கிக்கிறேன் அண்ணே. எனக்கு ஒரு அடுப்பு மட்டும் போதும்."

"அது ஆகாது. அடுப்பு வச்சா பங்குன்னு ஆயிரும்."

இந்தப் பேச்சை அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார். அதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

முறை தொடங்கியது. சித்திரை அண்ணன், வைகாசி தம்பி, ஆனி அண்ணன். ஆனி நீண்ட மாதம், அது ஏன் எப்போதும் தங்கள் பக்கமே வருகிறது என்று அண்ணமிண்டி அங்கலாய்ப்பார். "மார்கழியும் உங்க பக்கந்தானக்கா, அது குட்டை மாசம், சரியாப் போச்சுல்ல" என்பாள் தம்பி மனைவி. என்னையும் என் மகளையும் எதிரில் வைத்துக்கொண்டே பேசுவார்கள். இரண்டு ஆடுகளை மேய்ப்பது யார் முறை என்று பேசுவதுபோல இருக்கும்.

ஒரு புரட்டாசிப் பிறப்பன்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. இரண்டாங்கட்டுக்குள் நுழையும்போது, என் மகள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு அடுப்புக்கும் நடுவில் நிற்கிறாள்.

"மாசம் பொறந்திருச்சுல்ல. அங்குட்டுப் போ ஆத்தா" என்கிறார் அண்ணமிண்டி.

"பஞ்சாங்கத்தைப் பாருங்கக்கா. பொழுது விழுந்தப்பறந்தான் மாசம் பொறக்குது. அப்ப நாளைக்குத்தான முதத் தேதி? இன்னைக்கு நான் ஒலை வைக்கலை" என்கிறாள் தம்பி மனைவி.

என் மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "அப்ப நான் இப்ப எந்த மாசத்துல இருக்கேன்?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். நல்ல பேச்சுக்காரி என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக் கிணற்றடியில் வைத்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக் கடையில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் அதற்கும் அண்ணனிடம் திட்டு வாங்கினேன். வீட்டு மானம் கடைவரை போய்விட்டதாம்.

தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணனைப்போல அவன் பழங்காலத்து ஆள் இல்லை. அண்ணன் கோவில் காரியங்களில் முன்னால் நிற்பவர். தம்பி மேடைப் பேச்சாளன், கரை வேட்டி. தேர்தல் சமயம் சந்தைப்பேட்டையில் அவன் பேசினால் ஒலிபெருக்கியில் எங்கள் இரண்டாங்கட்டுவரை கேட்கும். கடவுள் இல்லை என்பான், சாதி இல்லை என்பான். "ஆணுக்கு என்ன உண்டோ அது பெண்ணுக்கும் உண்டு" என்று அவன் குரல் வந்தபோது, நான் அவன் மனைவி போட்ட சோற்றை மாத முறைப்படி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கைதட்டலும் நன்றாகக் கேட்டது.

இந்த இருவருக்கும் ஒத்துவராது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் தம்பி தன் கட்சிக்காரர்களை முகப்பில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்தினான். மறுநாள் காலையில் அண்ணன் ஆளைவிட்டு முகப்பு முழுவதும் சாணித் தண்ணீர் தெளித்துக் கழுவினார். தம்பி கொதித்துப் போனான்.

"என் சிநேகிதங்க உக்காந்த எடத்தைத் தீட்டுன்னு கழுவுறாரு. இனி இவரு மூஞ்சியில முழிக்க மாட்டேன். வீட்டைப் பிரிங்க."

"பிரிச்சுக்க. யாரு வேணாம்னது?"

அதோடு பேச்சு நின்றது. ஆறேழு மாதம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. முகப்பில் அண்ணன் உட்கார்ந்தால் தம்பி எழுந்துவிடுவான். கடைசியில் உறவினர் சிலர் நடுவில் இருந்து பேசி, வீட்டை நடுவாகப் பிரிப்பது என்று முடிவானது. எந்தப் பாதி யாருக்கு என்று சீட்டும் போட்டார்கள். சுவரை முதலில் இரண்டாங்கட்டில் எழுப்பினார்கள், இரண்டு அடுப்புக்கும் நடுவில். கொத்தனார் கல் பாவிய தரையைக் கொத்திவிட்டுச் செங்கல் வைத்தார். இரண்டு நாளில் முழங்கால் உயரம் வந்தது. நான் அதைத் தாண்டித்தான் கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் பத்திரம் எழுதப் போனார்கள். அங்கே நடந்தது நான் கேட்டது. பத்திரம் எழுதுபவர் பேனாவைத் திறந்ததும் கேட்டாராம், "கூடப் பொறந்த பொண்ணுக உண்டா?"

"ஒருத்தி இருக்கா. அதுக்கென்ன?"

"அவுக கையெழுத்து வேணுமே. அப்பச்சி சொந்தமாக் கட்டுன வீடு, உயிலும் இல்லைங்கிறீக. அப்ப அவுகளும் ஒரு பங்குதாரர்தான். விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிட்டு வாங்க."

அன்று மாலை நான் பார்த்ததை எழுதுகிறேன். ஆறேழு மாதமாகப் பேசாத இருவரும் சேர்ந்து என் அறை வாசலில் வந்து நின்றார்கள். அண்ணன் கையில் மல்லிகைப்பூப் பொட்டலம் இருந்தது, என் மகளுக்காம். தம்பிதான் பேச்சைத் தொடங்கினான். எங்கள் வழக்கத்தில் அக்காளை ஆச்சி என்று கூப்பிடுவோம்.

"ஆச்சி, ஒரு சின்னக் கையெழுத்து. பார்மாலிட்டிதான்."

"எதுக்கு?"

"வீட்டுல எனக்குப் பாத்தியதை எதுவும் இல்லைன்னு."

"சந்தைப்பேட்டையில பேசுனப்ப உண்டுன்னியே?"

அவன் முகம் சிவந்தது. "அது பொதுப் பிரச்சினை ஆச்சி. இது வீட்டு விசயம்" என்றான். இதை நான் அவனைக் கேலி செய்யக் கற்பனையாக எழுதவில்லை. சொன்ன சொல் அப்படியே இதுதான்.

"எந்தப் பொம்பளையும் இதுவரைக்கும் மாட்டேன்னு சொன்னதில்லை" என்றார் அண்ணன். "நம்ம அயித்தைமாரெல்லாம் கேள்வி கேக்காம எழுதிக் குடுத்தாக."

நான் அப்போதும் மூன்றில் ஒரு பங்கு கேட்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பேராசை பிடித்தவள் என்று பின்னால் சொன்னார்கள். "ஆத்தா இருந்த அறையை எனக்குன்னு எழுதிக் குடுங்க. எரண்டாங்கட்டுல ஒரு அடுப்பு வச்சுக்கிறேன். மத்ததெல்லாம் உங்களுக்குன்னு எழுதித் தாரேன்" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் பாதிச் சம்மதம் இருந்தது. "நாளைக்குச் சொல்றோம்" என்றார் அண்ணன். மல்லிகைப்பூவை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் தேவகோட்டைக்கு வக்கீலைப் பார்க்கப் போனார்கள். ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் இரண்டாங்கட்டில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் கொத்தனார் தான் கட்டிய சுவரைத் தானே இடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன கொத்தனாரே?"

"எனக்கென்ன தெரியும் ஆச்சி? கட்டுன்னாக, கட்டுனேன். இடின்னாக, இடிக்கிறேன். கட்டுனதுக்கும் கூலி, இடிச்சதுக்கும் கூலி. இந்த மாதிரி நாலு வீடு கெடைச்சா என் பொழைப்பு ஓடிரும்."

செங்கல்லை உடைக்காமல் எடுத்துக் கொல்லையில் அடுக்கச் சொல்லியிருந்தார்கள். அடுக்கி மேலே பனையோலை போட்டு மூடினார்கள். தரையில் சுவர் இருந்த இடம் மட்டும் சுண்ணாம்புத் தடமாக வெள்ளைக் கோடு போட்டதுபோல நின்றது. அண்ணமிண்டி புளி போட்டுத் தேய்த்தார், போகவில்லை.

எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு நானும் தேவகோட்டைக்குப் போனேன், வேறொரு வக்கீலிடம். மரியாதையான மனிதர். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"வீடு அவுக சுயசம்பாத்தியம். உயில் இல்லை. இப்ப இருக்கிற சட்டப்படி மகனும் மகளும் ஒண்ணுதாம்மா. மூணுல ஒரு பங்கு உங்களுது. சந்தேகமே இல்லை."

"அப்ப வாங்கிக் குடுங்க."

"அங்கதான் ஒரு சங்கதி இருக்கு." தடித்த புத்தகத்தைப் புரட்டி ஒரு பிரிவைக் காட்டினார். இங்கிலீஷில் வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னார். "குடும்பம் குடியிருக்கிற வீடா இருந்தா, ஆண் வாரிசுக தங்களுக்குள்ள பிரிச்சுக்கிற முடிவுக்கு வர்ற வரைக்கும் பெண் வாரிசு பாகம் கேக்க முடியாது."

"அவுக பிரிக்கவே மாட்டேன்னா?"

"கேக்கவே முடியாது."

"அவுக பிரிக்கணும்னு நெனச்சா என்னையக் கேக்கணுமா?"

"முடிவெடுக்கிறதுக்கு உங்களைக் கேக்க வேண்டியதில்லை. பத்திரத்துக்குத்தான் உங்க கையெழுத்து வேணும்."

"சரி, நான் அங்க குடியிருக்கவாவது செய்யலாமா?"

"தாராளமா. கல்யாணமாகாத மக, விதவை, புருஷன் கைவிட்டவ, புருஷனைப் பிரிஞ்சவ, இவுகளுக்கெல்லாம் குடியிருக்கிற உரிமை உண்டு. அவரு உங்களைக் கைவிட்டுட்டாருங்கிறதை நாம நிரூபிச்சாப் போதும்."

"எங்க அண்ணன் அங்க குடியிருக்கிறதுக்கு, அவரு பொண்டாட்டி அவரைக் கைவிட்டிருக்கணுமா?"

வக்கீல் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சுவர் ஏதோ கட்டுனாகன்னு சொன்னீகளே, அது நிக்குதா? நின்னா, பிரிக்கிற முடிவுக்கு வந்துட்டாகன்னு நாம வாதாடிப் பாக்கலாம்."

"இடிச்சுட்டாக."

"சீட்டுப் போட்டப்ப கூட இருந்தவுக யாராச்சும் சாட்சி சொல்லுவாகளா?"

"எனக்கா?"

அவர் புத்தகத்தை மூடினார். "அவுக வக்கீல் கெட்டிக்காரருதான்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். 'ஆண் வாரிசுகள்' என்று அந்தப் பிரிவில் இருக்கிறதே, அதில் 'ஆண்' என்பதை அடித்துவிட்டு 'வாரிசுகள்' என்று மட்டும் வைத்தால் போதும். பள்ளிக்கூட ஆபீஸில் நான் தினமும் பத்துப் பிழை திருத்துகிறேன், இதுவும் ஒரு பேனாக் கோடுதான். அதைப் போடாமல் விட்டார்கள் என்றால் மறந்து விட்டதல்ல. யாரோ உட்கார்ந்து யோசித்து, மகளுக்குப் பங்கு கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதன் சாவி மகனிடம் இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவர்களை எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து எனக்கு மாத முறை வைத்தவர்களைத் தெரியும். இவர்களும் அவர்களும் ஒரே ஆட்கள்தான் என்று தோன்றியது. ஊர் வழக்கம் என் பங்கை இல்லை என்றது. சட்டம் உண்டு என்று சொல்லிவிட்டு, உன் அண்ணனைக் கேட்டுக்கொள் என்றது. எனக்கு வழக்கத்தைவிடச் சட்டத்தின் மேல்தான் அதிகக் கோபம் வந்தது. வழக்கம் என்னை ஏமாற்றவில்லை.

அந்த மாதமே பிள்ளையார்பட்டியில் ஒரு விருந்து வைத்தார்கள். அண்ணன் தம்பி ஒன்றானதற்காக. உறவு முழுவதும் வந்தது. கடவுள் இல்லை என்று மேடைதோறும் பேசிய தம்பி, அண்ணனுக்குப் பக்கத்தில் நெற்றி நிறையத் திருநீறோடு நின்று கொழுக்கட்டை விளம்பினான். என்னைக் காவுகொடுக்க வேண்டும் என்றால் அவன் பிள்ளையாரையும் ஏற்றுக்கொள்வான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஓர் உறவுக்கார அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒனக்கும் சந்தோசந்தான ஆத்தா? அண்ணனும் தம்பியும் ஒண்ணாயிட்டாகள்ல?"

"ஆமா. என்னாலதான் ஒண்ணானாக" என்றேன்.

"நல்ல மனசு ஒனக்கு" என்றார் அவர்.

சாப்பாடு முடிந்து ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் அண்ணனைச் சீண்டினார். "இனி ரெண்டு வீட்டுக்கும் ஒரே ஒலையா? இல்லை, பழையபடி தனித்தனி அடுப்புதானா?"

வக்கீல் சொல்லிக் கொடுத்திருப்பார்போல. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார், "அடுப்பு தனித்தனிதான். அதனால என்ன? அடுப்பு வேறன்னா வீடு வேறயாயிருமா? எத்தனை அடுப்பு எரிஞ்சாலும் வீடு ஒண்ணுதான்."

"சபாஷ்" என்றார்கள். நான் பெண்கள் பந்திக்கு நீர்மோர் எடுத்துக்கொண்டு போனவள் அப்படியே நின்றேன். நின்று இன்னொரு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் சொன்ன ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லைக்குப் போய்ப் பனையோலையைத் தூக்கி மூன்று செங்கல் எடுத்தேன். கிணற்றடியில் கழுவினேன். இரண்டாங்கட்டில், இரண்டு அடுப்புக்கும் நடுவில், சுண்ணாம்புத் தடத்தின் மேல் வைத்தேன். கல்யாணத்தில் எனக்குக் கொடுத்த வெண்கலப் பானை அதுவரை துணி சுற்றிப் பரணில் இருந்தது. அதை இறக்கி ஏற்றினேன். என் மகள் தென்னம்பாளையை ஒடித்து ஒடித்துக் கொடுத்தாள்.

அண்ணமிண்டி வந்து பார்த்தார். "என்ன இது?"

"அடுப்பு."

"யாரைக் கேட்டு வச்ச?"

"நீங்க வச்சப்ப யாரைக் கேட்டீக அண்ணமிண்டி?"

அவர் முகப்புக்கு ஓடினார். எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டாங்கட்டுக்கு வருவது அபூர்வம். அன்று இருவரும் வந்தார்கள். புகையில் அண்ணனுக்கு இருமல் வந்துவிட்டது.

"எடு அதை."

"ஒலை கொதிக்குது அண்ணே."

"எடுன்னு சொன்னேன். அடுப்பு வச்சா பங்குன்னு ஆயிரும்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீக. பிள்ளையார்பட்டியில வேற மாதிரி சொன்னீக. அடுப்பு வேறன்னா வீடு வேறயாயிருமா, எத்தனை அடுப்பு எரிஞ்சாலும் வீடு ஒண்ணுதான். அத்தனை பேரு சபாஷ்னாக."

அவர் வாயைத் திறந்தார். நான் விடவில்லை. அதுவரை அண்ணனை எதிர்த்து இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசியவள் அல்ல நான்.

"இப்ப ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லுங்க. அடுப்பு வச்சா பங்குன்னா, நீங்க ரெண்டு பேரும் வேற வச்ச அன்னைக்கே வீட்டைப் பிரிச்சுட்டீக. அதை நான் நாளைக்கே தேவகோட்டைக்குப் போய்ச் சொல்றேன், என் பங்கைக் குடுங்க. அடுப்புக்கும் பங்குக்கும் சம்பந்தமில்லைன்னா இங்குட்டு நின்னு இருமாம முகப்புக்குப் போங்க. நான் அரிசியைப் போடணும்."

தம்பி அண்ணன் கையைப் பிடித்தான். "வேணாம்ணே. எதையும் வாய்விட்டுச் சொல்லிறாதீக" என்றான். மேடையில் மணிக்கணக்கில் பேசுகிறவன், அன்று பேசியது அவ்வளவுதான்.

"சம்பளம் வாங்குற திமிரு" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே" என்றேன். அரிசியைப் போட்டேன்.

அவர்கள் போன பிறகு என் மகள் கேட்டாள், "ஆத்தா, அப்ப வீடு நமக்குக் கெடைச்சிருச்சா?"

"இல்லை. அடுப்பு கெடைச்சிருக்கு."

அவளுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது நான் ஜெயித்தேன் என்று சொன்னால், அவர்களுக்கு நான் எழுதியது புரியவில்லை என்று அர்த்தம். வருஷங்கள் ஓடிவிட்டன. என் மகள் மதுரையில் படித்து வேலைக்கும் போய்விட்டாள். ஆத்தா அறையில்தான் இருக்கிறேன், ஆனால் இருக்க விடப்பட்டவளாக இருக்கிறேன். அந்தப் பிரிவில் 'ஆண்' என்பது அப்படியே இருக்கிறது. தம்பி மகளிர் கூட்டங்களுக்குத் தலைமை தாங்குகிறான். அண்ணனும் அவனும் முகப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள். ஒருவரையொருவர் பிடிக்காத இரண்டு பேர் என்னால் ஒரே கூரையின் கீழ் அடைபட்டுக் கிடக்கிறார்கள். இது எனக்குக் கொஞ்சம் ஆறுதல் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கொல்லையில் அந்தச் செங்கல் அடுக்கு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கு முன்னும் அண்ணன் ஆளைவிட்டுப் புதிய பனையோலை போடச் சொல்கிறார். எதற்காகக் காத்துவைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் நான் கண்ணை மூடினாலும் என் பங்கு என் மகளுக்கு வரும். அதையும் வக்கீலிடம் கேட்டுவிட்டேன்.

அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்யாண வயது நெருங்குகிறது. என்றாவது சுவரை மறுபடி எழுப்பித்தான் ஆக வேண்டும். அன்று கொத்தனார் வந்து அடுக்கைப் பிரிப்பார், மூன்று செங்கல் குறையும், அவை என் அடுப்பில் கரி பிடித்து இருக்கும். அந்த அடுப்பை எடுக்காமல் அந்தத் தடத்தில் சுவர் வைக்க முடியாது. என்னிடம்தான் வந்து கேட்க வேண்டும். வரும்போது மல்லிகைப்பூ வேண்டாம், பத்திரத்தோடு வரட்டும்.